மார்கழி விடியலும் மண்ணெண்ணெய்க் கார்களும்

வெள்ளவத்தையில் மாலை மங்கியதும் காலி வீதியோரம் யாழ்ப்பாணம் செல்லும் சொகுசு பஸ்கள் வந்து நிற்பதைக் கொழும்புவாசிகள் அறிவர். பயணிகள் ஏறி முடியும்வரை அவற்றின் எஞ்சின்கள் உறுமிக்கொண்டே இருக்கும். உள்ளே குளிரூட்டி இயங்கவேண்டும் என்பதே அதற்குக் காரணம். நிறுத்தினால் எஞ்சின் குளிர்ந்துபோய் மீண்டும் இயங்க மறுக்கும் என்ற அச்சம் இங்கு எவருக்கும் இல்லை. வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவதே அபூர்வமான நகரம் இது.

கனடாவில் பாரவூர்தி ஓட்டும் நம்மவர்களின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளவேண்டும். உறைபனியில் குளிர்ந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். போதாக்குறைக்கு, டீசலில் உள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். அதனாலேயே நெடுந்தூரச் சாரதிகள் இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டு வண்டிக்குள்ளேயே உறங்கும் வழக்கம் உண்டாயிற்று. சும்மா நிற்கும் கனரக வாகனம் மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் டீசலைக் குடிக்கும். இன்று மின்சாரத்தால் எஞ்சினைச் சூடாக்கும் கருவிகள் உள்ளன. கலிபோர்னியாவில் 5 நிமிடத்துக்கு மேல் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது குற்றம். லடாக்கின் குளிருக்கென இந்தியன் ஒயில் நிறுவனம் 2019 நவம்பரில் தனியான டீசலையே அறிமுகப்படுத்தியது. மைனஸ் 33 பாகை வரை அது உறையாது.

உறைபனியை அறியாத யாழ்ப்பாணத்திலும் ஒரு காலத்தில் ஒவ்வொரு விடியலும் வாகனங்களுக்குக் குளிர்காலமாகவே விடிந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்புவார்களோ தெரியாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது. வடக்குக்கான பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் அடங்கின. சமையலுக்கும் விளக்குக்கும் என்று மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் சென்றது. அந்த விளக்கெண்ணெயில் காரை ஓட்டினார்கள் யாழ்ப்பாணத்தவர்கள்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பெற்றோல் மைனஸ் 40 பாகையிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு அதற்கு 38 பாகையாவது வேண்டும். மார்கழி விடியலில் யாழ்ப்பாணத்து வெப்பநிலை 20 பாகைக்குச் சற்று மேலே இருக்கும். நமக்கு அது இதமான குளிர். மண்ணெண்ணெய்க்கோ அது சைபீரியா. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைத் திறந்துவிடலாம். சூடு ஆறுமுன் மறுபடி இயக்கினால் பெற்றோல் தேவையில்லை. ஆறிவிட்டால் இன்னும் சில துளிகள் வேண்டும். சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோல் மருந்துபோலச் செலவிடப்பட்டது. நள்ளிரவில் கர்ப்பிணியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல வந்த சாரதி, வாசலில் எஞ்சினை நிறுத்துவதா விடுவதா என்று கணக்குப் பார்க்கவேண்டிய நிலை அது.

யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களே இதற்குத் தோதாக அமைந்தன. அவற்றின் எஞ்சினில் அழுத்த விகிதம் 7-க்கு 1 என்ற அளவை ஒட்டியது. அழுத்தம் கூடிய புதிய ஜப்பானிய எஞ்சின்களில் மண்ணெண்ணெய் தட்டித் தட்டி எரிந்து உலோகத்தையே சிதைக்கும். ஏளனமாகப் பார்க்கப்பட்ட கிழட்டுக் கார்கள் அரியாசனம் ஏறிய காலம் என்றும் இதைச் சொல்லலாம்.

இது யாழ்ப்பாணத்தின் கண்டுபிடிப்பு என்று பெருமை பேசுவோர் உண்டு. முழு உண்மையன்று. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான பேர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகை இதே தத்துவத்தில் இயங்கியது. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு குறையாதிருக்க ரேடியேற்றரின் முன்னே திரை தொங்கவிடுவதும் உண்டு. மாலையில் நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றுவார்கள், மறுநாள் காலை சிரமமின்றி இயங்க வேண்டுமல்லவா! ஆங்கிலேய விவசாயிக்கு அது சிக்கனம். யாழ்ப்பாணத்தவருக்கு வேறு வழியில்லை. வேறுபாடு அங்கேதான்.

அதற்கு எஞ்சின்கள் கொடுத்த விலையும் பெரிது. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து மசகு எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். புகையும் நெடியும் ஆடையில் ஏறும்.

வெளிநாடு செல்லவும் வைத்தியத்துக்கும் கொழும்பு வந்து, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கியோர் அந்நாட்களில் ஏராளம். இங்கே எரிபொருள் நிலையத்தில் கேட்டவுடன் கிடைத்த திரவம், வவுனியாவைத் தாண்டினால் தடைசெய்யப்பட்ட பொருள். புலிகளின் கைக்கு எரிபொருள் போகக்கூடாது என்பது அரசின் வாதம். புலிகளின் வாகனங்களோ படகுகளோ ஓடாமல் நின்றுவிடவில்லை. நின்றவை பொதுமக்களின் வாகனங்களும் நீரிறைக்கும் இயந்திரங்களுமே. உள்ளே வந்த பொருட்களுக்குப் புலிகள் வரி அறவிட்டதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையடையாது.

1994-இல் தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. 2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஏ-9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்தது. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது.

2022-இல் கொழும்பே வரிசையில் நின்றது. எரிபொருள் நிலையங்களுக்கு வெளியே எஞ்சினை நிறுத்திவிட்டு, வாகனங்களைக் கையால் தள்ளி நகர்த்தினார்கள். கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கீடு. மண்ணெண்ணெய் அகப்பட்டிருந்தாலும் பெரும்பாலான கார்களுக்குப் பயனில்லை. அவற்றில் காபரேற்றரே கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதனால் அடிபட்டவர்கள் காரோட்டிகள் அல்லர்; மீனவர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான்.