கிரீடா

கிரீடா, தமிழகத்தின் மரபான பலகை விளையாட்டுகளைப் பெட்டியில் இட்டு வெளியிடும் சிறு நிறுவனம், சென்னையைச் சேர்ந்தது. இதை 2002-இல் வினிதா சித்தார்த்தா தொடங்கினார். பல்லாங்குழி, தாயம், பரமபதம், ஆடு புலி ஆட்டம் ஆகியன இதன் வெளியீடுகளுள் அடங்கும்.

முன்பு இவ்விளையாட்டுகளுக்கு வெளியீட்டாளர் தேவைப்படவில்லை. திண்டுக்கல் உள்ளிட்ட தென் மாவட்டங்களில் ஆடு புலிக் கட்டத்தைத் திண்ணையிலோ தரையிலோ கரிக்கட்டியால் வரைந்துகொள்வர். காய்களுக்குக் கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் போதும். 23 சந்திப்புகள் கொண்ட முக்கோணக் கட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் மோதும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். எல்லாம் இறங்கிய பின்னரே அவை நகரலாம். புலி, அடுத்த புள்ளி காலியாக இருந்தால் ஆட்டைத் தாண்டி வெட்டும். புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி. இரு தரப்பின் வலிமையும் இலக்கும் வெவ்வேறாக இருப்பதே இதன் தனிச் சிறப்பு. பல்லாங்குழிக்கு வரிசைக்கு 7 என 14 குழிகள். பரமபதம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்படுவது.

வாய்வழி வந்த விதிகள் ஊருக்கு ஊர் மாறுபடும். ஆகவே முதியோரிடம் கேட்டறிந்து விதிகளை அச்சிட்டுத் தந்ததே கிரீடாவின் முதன்மைப் பங்களிப்பு எனக் கருதத்தக்கது. ஒப்புநோக்க, மேலைநாட்டில் 1883-இல் தொடங்கிய பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் 1935-இல் மோனாப்பலி என்ற பலகை ஆட்டத்தை வெளியிட்டது. அது புதிய ஆட்டங்களை விற்று வளர்ந்தது. கிரீடா பொதுச்சொத்தான பழைய ஆட்டங்களையே மீண்டும் வீடுகளுக்குக் கொண்டுசெல்கிறது.