இலைக்கு வராத கரண்டி

தியாகதுருகம் வழியாகப் போகும் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையோரத்தில், இரவுக் கடை ஒன்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிடுவார். அதே பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் ஃபிரைடு ரைஸை ஸ்பூனால் அள்ளுவார். இரண்டு பேரும் ஒரே தெருக்காரர்களாகக்கூட இருக்கலாம். எதை எதனால் தின்பது என்பதைப் பெரும்பாலும் தட்டில் இருக்கும் பண்டமே சொல்லிவிடுகிறது. உலகத்தில் கரண்டியும் குச்சியும் முள்கரண்டியும் பிறந்தது இப்படித்தான்.

நம்மிடம் கரண்டி இல்லாமல் இல்லை. முற்றிய தேங்காயின் கொட்டாங்குச்சியில் பாதியை எடுத்து, விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துளை போட்டு, மூங்கில் காம்பைச் செருகினால் அகப்பை. கொதிக்கும் குழம்பில் கிடந்தாலும் காம்பு கையைச் சுடாது. மண்சட்டியின் அடியையும் கீறாது. மண்பானையில் சமைத்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கரண்டியை யாரும் செய்திருக்க முடியாது. ஆனால் அந்த அகப்பை பரிமாறுகிறவர் கையோடு நின்றுவிட்டது. சாப்பிடுகிறவர் கைக்கு அது வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதற்குத் தானியத்திடம்தான் முதலில் கேட்க வேண்டும். தியாகதுருகத்துக்கு மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து வந்தவர்கள். இவற்றில் சாமை இந்திய மண்ணின் பயிர். தினையைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வட சீனத்தில் பயிராக்கிவிட்டார்கள். கேழ்வரகின் தாய்வீடு கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலம். ஒரு மலைச்சரிவில் சேர்ந்து விளையும் இந்த மூன்றில் இரண்டு, தாம் பிறந்த ஊர்களில் வேறு வேறு பழக்கங்களை உண்டாக்கின.

சீனத்தைப் பாருங்கள். குச்சியால் சாப்பிடும் நாடு என்றே நாம் நினைக்கிறோம். ஆன்யாங் நகருக்கு அருகே ஷாங் அரசர்களின் தலைநகரான யின் இடிபாடுகளில் வெண்கலக் குச்சிகள் கிடைத்திருக்கின்றன. வயது 3,000 ஆண்டுகளுக்கு மேல். ஆனால் தொடக்கத்தில் குச்சி அடுப்படிக் கருவியாக இருந்தது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கொதிக்கும் நீரிலிருந்து காயையும் கறித்துண்டையும் எடுக்கவும் கிளறவும் அது பயன்பட்டது. சிறுதானியச் சோற்றைக் குச்சியால் தின்னக் கூடாது என்று ‘லி ஜி’ என்ற பழைய சடங்கு நூல் விதித்தது. பலர் சேர்ந்து ஒரே பாத்திரத்தில் உண்ணும்போது கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் விதி உண்டு. அதாவது அந்தக் காலத்தில் அவர்களும் தானியத்தைக் கையால்தான் எடுத்தார்கள். பிறகு அந்த இடத்துக்குக் கரண்டி வந்தது. கோதுமையை மாவாக்கி நூடுல்ஸ் செய்யும் வழக்கம் பரவியபின்தான் குச்சியின் காலம் பிறந்தது. ஒட்டிக்கொண்டு கட்டியாக எழும்பும் அரிசிச் சோறும் அதற்குத் துணை நின்றது. கொரியாவில் சோற்றுக்கும் ரசம் போன்ற குழம்புக்கும் இன்றும் கரண்டிதான்.

ஆப்பிரிக்கா வேறு கதை. அங்கே மாவைக் கொதிநீரில் கிண்டி இறுக்கி ‘உகாலி’ செய்கிறார்கள். ஒரு பிடி பிட்டு, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அந்தக் குழியில் கீரையை அள்ளி வாயில் போடுகிறார்கள். நம் கேழ்வரகுக் களியும் ஏறக்குறைய இதே வேலையைக் கையிடம் கேட்கிறது. ஆவி பறக்கும் உருண்டையின் நடுவே குழித்துக் குழம்பை ஊற்றி, முதலில் ஆறும் ஓரத்திலிருந்து விள்ள வேண்டும். அந்தச் சூட்டை விரல் நுனி முன்னதாக அளந்து சொல்லிவிடும். களியை மெல்லக் கூடாது. குழம்பில் புரட்டி வழுக்கவிட்டு விழுங்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் அது கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். கூழுக்கோ கரண்டியே வேண்டாம். சொம்போடு தூக்கிக் குடித்துவிட்டு வெங்காயத்தைக் கடித்துக்கொள்வதுதான்.

வடித்த சோறு பொலபொலவென்று உதிரும், குச்சியில் நிற்காது. ஆனால் கரண்டியில் நிற்குமே? இங்கே பண்டம் சொல்லும் காரணம் போதவில்லை. எச்சில் என்ற கணக்கு மீதியைச் சொல்கிறது. பலர் வாய்க்குப் போய்வந்த கரண்டியை எவ்வளவு தேய்த்தாலும் மனம் ஏற்காத சமூகம் இது. என் கை வேறு யார் வாய்க்கும் போனதில்லை. தின்றபின் கழுவிக்கொள்கிறேன், இலையை எறிந்துவிடுகிறேன். இந்தக் கணக்கு சாதியின் கையில் கொடுமையாகவும் மாறியது. தனிக் குவளை வைத்த டீக்கடைகளை மறந்துவிட்டு எச்சில் பேச்சைச் சுத்தம் என்று மட்டும் மெச்சுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐரோப்பாவில் இறைச்சி பெரிய துண்டாகவே மேசைக்கு வந்தது. அதனால் கத்தியும் கூடவே வந்தது. நமக்கு அந்த வேலையை அரிவாள்மனை அடுப்படியிலேயே முடித்துவிடுகிறது. 11-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்திலிருந்து வெனிஸுக்கு மணமாகி வந்த ஓர் அரச குலப் பெண் முள்கரண்டியால் சாப்பிட்டதை, ஆடம்பரம் என்று துறவி ஒருவர் கண்டித்தார். வழுக்கும் பாஸ்தாதான் இத்தாலியில் அதற்கு வாழ்வு கொடுத்தது. 1608-இல் அங்கே போன ஆங்கிலேயர் தாமஸ் கோரியட் அதைக் கண்டு வியந்து, தானும் பழகி, 1611-இல் வெளிவந்த பயண நூலில் எழுதினார். ஊரார் அவரைக் கேலி செய்தார்கள். அதே கோரியட் பிறகு நிலவழியாக இந்தியாவுக்கு வந்து, 1617-இல் சூரத்தில் இறந்தார்.

தியாகதுருகம் மலைக்கோட்டைக்காகப் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் 18-ஆம் நூற்றாண்டில் மோதிக்கொண்டார்கள். ஐரோப்பிய அதிகாரிகளின் கத்தியும் முள்கரண்டியும் இவ்வளவு அருகே வந்தும், இங்கே இலையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. முள்ளால் குத்தித்தான் எடுக்க வேண்டும் என்ற பண்டம் இங்கே இலையில் அநேகமாக இல்லை.

மாறியது அகப்பைதான். எவர்சில்வர் கரண்டி பரவப் பரவ, கொட்டாங்குச்சி ஊர்ச் சமையலறைகளிலிருந்து ஒதுங்கியது. சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை உருட்டத் தொடங்கிய 1980-களில் அந்தப் பளபளப்பு எங்கும் வந்துவிட்டது. களி கிண்டும் வீடுகளில் மட்டும் இன்னும் மரத்துடுப்பு இருக்கிறது. மாவு இறுகும்போது பாத்திரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். அந்தப் பலத்துக்கு எவர்சில்வர் காம்பு வளைந்துவிடும்.