உம்மாவின் வழியில் ஒரு வியாபாரி

நமது ஊர்களில் யாரேனும் குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தால் முதலில் தேடுவது ஓர் அறபுப் பாட்டனாரை. கப்பலில் வந்து, கரையிறங்கி, கடை வைத்து, கலியாணம் முடித்த ஒருவர். அவருக்கும் நமக்கும் இடையிலுள்ள தலைமுறைகளை வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று நிரப்பிக்கொண்டு போகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தொட்டதும் நூல் அறுந்துவிடுகின்றது.

அறுவதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவியோர முஸ்லிம்கள் தம்மை எண்ணி வைத்த முறை அதுவல்ல. இங்கு குடி தாய்வழியே வருவது. பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி என்ற பெயர்களே ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகின்றன. பிள்ளை உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது என்பதால் வாப்பா எப்போதும் வேறு குடிக்காரர்தான். குடியின் உட்கிளைக்கு ‘வயிற்றுவார்’ என்று பெயர். இதைவிடத் தெளிவாக ஒரு சொல் எப்படிச் சொல்லும்? பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் அமர்ந்தனர். முக்குவரிடமும் இதே அமைப்பு இருந்தது. திமிலரை விரட்ட முக்குவருக்கு உதவிய பட்டாணியர் பரிசாகப் பெண்ணெடுத்துக் குடியேறினர் என்று ஏறாவூர்ப் பக்கம் வழங்கும் கதை, இந்த ஒற்றுமைக்கு ஊர் தந்த விளக்கம்.

இதை நாம் சத்தமாகச் சொல்லத் தயங்கியதற்கும் வரலாறு உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வெளியிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். சட்டசபை ஆசனம் சார்ந்த அந்த வாதத்தில் அறபுத் தந்தை மிகவும் தேவைப்பட்டார். அஸீஸின் நியாயம் நமக்கு விளங்குகின்றது. ஆனால் கொழும்பில் நடந்த அந்த வழக்கில் மட்டக்களப்பு உம்மும்மா சாட்சிக்கு அழைக்கப்படவே இல்லை.

அக்காலத்து வியாபாரி எப்படிப் பிழைத்தார்? வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. தோணியில் மறுகரை சேர்ந்தால் அங்கிருந்து பொதிமாடுகள். இதுவே தவளம். உப்பும் கருவாடும் துணியும் மேற்கே மலைநாட்டுப் பக்கம் போயின. பாக்கும் மலைச்சரக்கும் திரும்பி வந்தன. தவளக்காரரில் அரசாங்கக் கடதாசிகளில் பெயர் நிலைத்தவர் வெல்லச ஹாஜி மரிக்கார். 1817இல் ஆங்கிலேயர் அவரை அங்குள்ள முஸ்லிம்கள் மீது முஹாந்திரமாக்கினர். கண்டிப் பிரதானிகள் கொதித்தனர். ஊவாக் கிளர்ச்சி வெடித்தபோது பிடிபட்டுக் கொல்லப்பட்டார். சண்டையில் சிக்கியதால் அவர் பெயர் நின்றது. சந்தையும் வீடுமாக வாழ்ந்து மறைந்த மற்றத் தவளக்காரரை எங்கே தேடுவது?

உறுதியில்தான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி கைமாறுவதாயின் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதவேண்டும் என்றது. அதன் பிறகு சிறு வியாபாரியும் கடதாசியில் தோன்றத் தொடங்கினார். ஆனால் பெயரை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றமே. மீராலெவ்வை மகன் ஆதம்லெவ்வை என்று ஓர் ஊரிலேயே எத்தனை பேர்! பட்டப்பெயர் இல்லாவிட்டால் ஆளைப் பிரித்தறிய வழியில்லை. பிரித்துக் காட்டுவது வளவு. வளவு மகளுக்குச் சீதனமாகப் போனது. அவளிடமிருந்து அவளுடைய மகளுக்கு. கடையும் மாடுகளும் கைமாறிக் கலைந்தபோதும் வீடு பெண்வழியில் அதே ஒழுங்கையில் நின்றது. மருமகனாக வந்தவர் அந்த வீட்டில் குடியிருந்தே வியாபாரம் செய்தார். ஆகவே ஒரு வியாபாரியைக் கண்டுபிடிக்க அவருடைய மனைவியின் வளவைத் தேடவேண்டும். அவர் பிறந்த இடத்துக்கு உம்மாவின் வளவை. சீதன உறுதியின் நான்கு எல்லைகளிலும் பெரும்பாலும் சகோதரிகளின் வளவுகளே வரும். அதுவே ஒரு வம்சாவளி. ஷரீஅத் பங்கு எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பெரும்பகுதி கைமாறிவிட்டதால், பங்கிட மிஞ்சியது சொற்பமே.

1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. வயல் பெருகியது. கையில் காசு சேர்ந்த வியாபாரி பூமி வாங்கினார், சிலர் போடியாராயினர். தராசு பிடித்த பாட்டனாரைப் பேரப்பிள்ளைகள் மறந்து, போடியாரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது தனிக்கதை.

இவ்வுறுதிகள் வெறும் பழங்கடதாசிகளல்ல. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளை அடுத்து, படுவான்கரைப் பூமிகளுக்குப் போகமுடியாமல் ஆண்டுக்கணக்காக இருந்தவர் பலர். 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் அலுமாரிகளோடு உறுதிகளையும் கொண்டுபோனது. வளவே தெரியாமல் கிடந்த இடத்தில், வேலி எங்கே இருந்தது, கிணறு யாருடையது, எந்தச் சாச்சிக்கு எந்தப் பக்கம் கொடுத்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஊரின் வயதான பெண்கள்.

குடும்ப வரலாறு எழுத விரும்பும் இளைஞர்கள் அவர்களிடம் முதலில் வாப்பாமாரின் பெயர்களைக் கேட்கின்றார்கள். “இந்த வளவு உங்களுக்கு யார் தந்தது?” என்று தொடங்கிப் பாருங்கள். அந்தக் கிழவி தன் உம்மாவைச் சொல்வாள், பிறகு உம்மும்மாவை, பிறகு, “அவட மாப்பிள்ளைதான் மாடு சாய்ச்சிக்கிட்டு மலைக்குப் போனவர்” என்பாள்.