ஹார்மோன் சிகிச்சை (மாதவிடாய் நிற்கும் பருவம்)

மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்குவதால் வரும் திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்கும் சிகிச்சை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46-47 வயதில் நிற்கிறது. மேலை நாடுகளில் 51. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டோஜனும் தரப்படும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் அபாயம் கூடும். தோலில் ஒட்டும் பட்டை, பூசும் ஜெல் ஆகியவற்றால் ரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. 2002இல் அமெரிக்க ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய் அபாயத்தைச் சுட்டியதும் ஹார்மோன் சிகிச்சையின் பயன்பாடு சரிந்தது. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63. 60 வயதுக்குள் தொடங்குவோருக்குப் பொதுவாகத் தீங்கைவிடப் பலனே மிகுதி என்பது இன்றைய நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகத் தரப்படுவதில்லை. இது கருத்தடை முறை அன்று.