கள்ளிப்பழ ஜெல்லி

தமிழ்நாட்டுத் தரிசுகளில் சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்று அறியப்படும் கள்ளி இனத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். டெக்சஸ், அரிசோனா மாநிலங்களில் கோடை முடியும் வேளையில் காட்டிலிருந்து பறித்து வரும் அதன் பழத்தில் வீட்டிலேயே ஜெல்லி செய்வது வழக்கம். பழத்தை உண்பது மிகத் தொன்மையானது. ஜெல்லி பிந்தி வந்தது.

1528-இல் டெக்சஸ் கடற்கரையில் கப்பல் சிதைந்து ஒதுங்கிய ஸ்பானியர் கபேசா தே வாகா, அங்குள்ள பழங்குடியினர் பருவந்தோறும் கள்ளிக்காடுகளுக்குப் பெயர்ந்து சென்று இப்பழத்தை உண்டே வயிறு நிறைத்ததை 1542-இல் வெளியான தம் நூலில் பதிந்தார். மண்ணில் குழி பறித்து அதில் சாற்றைப் பிழிந்து குடித்தனர்; பழத்தைப் பிளந்து உலர்த்திக் கூடைகளில் சேமித்தனர்; தோலையும் இடித்துப் பொடியாக்கினர்.

பழத்தைக் காய்ச்சிச் சேமிப்பதும் பழைய முறையே. மெக்சிகோவின் சான் லூயிஸ் போடோசிப் பகுதியில் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் முதலில் தேன்போன்ற பாகு கிடைக்கும். மேலும் இறுகியது 'மெல்கோச்சா'. அதை அடித்துப் பிசைந்து கட்டியாக்கினால் 'கேசோ தே துனா', அதாவது கள்ளிப்பழப் பாலாடைக்கட்டி. பெயரில்தான் பால், பண்டத்தில் பழச்சாறு மட்டுமே. அரிசோனாவின் தொஹோனோ ஓதாம் மக்கள், சகுவாரோ என்னும் நெடுங்கள்ளியின் பழத்தை நீண்ட கழியால் தட்டி வீழ்த்திப் பாகு காய்ச்சுகின்றனர். இவற்றுக்குச் சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை. பழத்தின் இனிப்பே போதும்.

ஜெல்லிக்கோ சர்க்கரை ஏராளமாக வேண்டும். 1858-இல் ஜான் லாண்டிஸ் மேசன் காப்புரிமை பெற்ற திருகுமூடிக் கண்ணாடிச் சாடியையும் சர்க்கரை போன்ற கடைச்சரக்கையும், 1877-இல் டெக்சஸின் சான் அன்டோனியோவையும் 1880-இல் அரிசோனாவின் டூசானையும் எட்டிய ரயில் பாதை அப்பகுதி வீடுகளுக்கு நெருக்கமாக்கியது. இருந்தும் ஒரு சிக்கல் நின்றது. கள்ளிப்பழத்தில் புளிப்பு மிகக் குறைவு; சாறு எளிதில் உறையாது. எலுமிச்சைச்சாறு அந்தக் குறையைப் போக்கியது. 20-ஆம் நூற்றாண்டில் கடைக்கு வந்த பெக்டின், உறைவதை உறுதியாக்கியது.

வேலையில் கடினமானது சுணைதான். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்த நுண்முட்கள் விரலில் ஏறினால் நாள்கணக்கில் உறுத்தும். எனவே இடுக்கியால் பறித்து, தீயில் வாட்டிச் சுணையைக் கருக்குவர். வேகவைத்து மசித்த பழத்தை அடர்ந்த துணியில் வடித்தால் எஞ்சிய முள்ளும் கொட்டையும் துணியிலேயே தங்கிவிடும். செந்நீலச் சாற்றில் எலுமிச்சைச்சாறு, பெக்டின், சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு, சூடு ஆறுமுன் சாடிகளில் ஊற்றி மூடுவர்.