கருவின் புரதம் காட்டிக்கொடுத்த கேன்சர்: ஏ.எஃப்.பி கதை

ஹெபடைடிஸ் பி தொற்று உள்ள ஒருவர் ரிப்போர்ட்டோட வந்தார். "டாக்டர், ஏ.எஃப்.பி நார்மல்னு வந்துருச்சு. இனிமே ஸ்கேன் தேவையில்லதானே?"

தேவைதான்னு சொன்னேன். ஏன்னு உங்களுக்கும் புரியணும்னா, ஒரு எழுபது வருஷம் பின்னாடி போகணும். வாங்க.

1956. கருவில் இருக்கும் சிசுவின் ரத்தத்தில் ஒரு புதிய புரதத்தைப் பார்த்தார்கள் ஸ்வீடன் ஆய்வாளர்கள். பெரியவர்களின் ரத்தத்தில் அது தென்படவில்லை. சிசுவின் கல்லீரல் அதிகமாகச் சுரக்கும் இதன் பெயர்தான் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், சுருக்கமாக ஏ.எஃப்.பி. பிறந்த பிறகு உற்பத்தி படிப்படியாகக் குறைந்துவிடும்.

1963. மாஸ்கோவில் கேரி அபெலெவ் குழுவினர் கல்லீரல் கட்டி உள்ள எலிகளை ஆராய்ந்தார்கள். வளர்ந்த எலியின் ரத்தத்தில், சிசு எலிக்குரிய அதே புரதம்!

அதாவது, கேன்சர் செல் புதுசா எதையும் கண்டுபிடிக்கலைங்க. பிறந்ததோட மூடி வெச்ச பழைய மரபணுவை மறுபடி திறந்துவிட்டிருக்கு.

1964. மனிதர்களிலும் இதைக் காட்டினார் அஸ்ட்ரகான் நகரத்தின் யூரி டடாரினோவ். ரத்தத்தை வைத்தே கல்லீரல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனா அன்றைய சோதனை, புரதம் மிக அதிகமா இருந்தால்தான் காட்டும். 1971ல் ஃபின்லாந்தில் ரூஸ்லாட்டியும் செப்பாலாவும் நுட்பமான கதிரியக்க முறையில் அளந்தபோது, ஆரோக்கியமானவர்களிடமும் துளியளவு ஏ.எஃப்.பி இருப்பது தெரிந்தது. "இருக்கா, இல்லையா?" என்ற கேள்வி "எவ்வளவு இருக்கு?" என்று மாறியது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

கர்ப்பிணிகளுக்கு ஏறும். கல்லீரல் அழற்சியிலும் சுருக்கத்திலும் ஏறலாம். விதைப்பை, சினைப்பையில் வரும் சில கட்டிகளிலும் ஏறும். மறுபக்கம், கல்லீரல் புற்றுநோய் இருந்தும் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஏறாமலே இருக்கும்.

ஆகவே துணைக்கு ஆள் தேடினார்கள். 1984ல் வைட்டமின் கே வேலை முழுசா முடியாத ஒரு புரோத்ராம்பின் கிடைத்தது. பிவ்கா 2 என்று லேப் ரிப்போர்ட்டில் பார்ப்பீர்களே, அதுதான். அடுத்தது ஏ.எஃப்.பி எல்3. மசூர் பருப்பில் இருக்கும் லெக்டின் என்ற பொருளோடு ஒட்டிக்கொள்ளும் ஏ.எஃப்.பி வகை இது. ஆமாங்க, நம்ம சமையல்கட்டு பருப்பேதான்! இந்த மூன்றோடு வயது, பாலினம் சேர்த்துக் கணக்கிடுவது கேலட் ஸ்கோர்.

சரி, இதெல்லாம் உயிரைக் காப்பாத்துதா?

2004ல் ஷாங்காய் ஆய்வு முடிவு வெளியானது. ஹெபடைடிஸ் பி தொற்றோ, நாள்பட்ட கல்லீரல் அழற்சியோ இருந்த 18,816 பேர். ஒரு பிரிவினரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏ.எஃப்.பி, அல்ட்ராசவுண்ட் இரண்டுக்கும் அழைத்தார்கள். சுமார் 58 சதவீத பரிசோதனைகள்தான் நடந்தன. அப்படியும் அந்தப் பிரிவில் கல்லீரல் புற்றுநோய் மரணங்கள் 37 சதவீதம் குறைந்தன.

கவனிங்க, ரத்தப் பரிசோதனை தனியா இல்லை. ஸ்கேனும் சேர்ந்தே.

ஆகவே ஹெபடைடிஸ் பி தொற்றோ கல்லீரல் சுருக்கமோ இருந்தால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஏ.எஃப்.பி ஏறினால் உடனே கேன்சர்னு பயப்படாதீங்க. நார்மல்னா தப்பிச்சோம்னு ஸ்கேனை விட்டுடாதீங்க.

அவர் அன்னைக்கே ஸ்கேனுக்குப் போனார். கட்டி எதுவும் இல்லை. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்கேன்.