தொடாமல் தள்ளும் பம்பு: பெரிஸ்டால்டிக் பம்பின் வளர்ச்சியில் குழாயின் இடம்

டயாலிசிஸ் இயந்திரத்தின் முகப்பில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் குழி இருக்கும். அதன் சுவரை ஒட்டி, லாடம்போல் வளைந்து ஒரு குழாய் கிடக்கும். நடுவே சுழலும் இரண்டு உருளைகள் அந்தக் குழாயை மாறிமாறி நசுக்கியபடி நிமிடத்துக்குப் பொதுவாக 200 முதல் 400 மில்லிலிட்டர் ரத்தத்தை நகர்த்துகின்றன. இவ்வளவு ரத்தம் கடந்தும் உருளைகளில் ஒரு துளிகூடப் படுவதில்லை. அடுத்த நோயாளி வரும்போது மாற்றப்படுவது குழாய்; பம்பு அப்படியே இருக்கும்.

நாம் விழுங்கும் கவளத்தை உணவுக்குழாய் சுருங்கிச் சுருங்கிக் கீழே தள்ளுவதுபோல இந்தப் பம்பும் திரவத்தைத் தள்ளுகிறது. பெரிஸ்டால்டிக் என்ற பெயர் அந்த உடலியக்கத்திலிருந்து வந்தது. திரவம் தொடுவது குழாயின் உட்சுவரை மட்டுமே என்பதால், பிஸ்டன், வால்வு, சீல் என்று எதையும் கிருமி நீக்க வேண்டிய தேவை எழுவதில்லை. இந்தப் பம்பு ஒவ்வொரு கட்டத்திலும் முன்னேறியதற்குக் காரணம் குழாய் முன்னேறியதுதான் என்பதை நிறுவுவதும், அதிலிருந்து இன்றைய சிறிய பம்பை வடிவமைப்போருக்குக் கிடைக்கும் பாடத்தைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

தோலிலிருந்து ரப்பருக்கு

1845இல் ‘தி மெக்கானிக்ஸ் மேகசின்’ இதழில் இவ்வகைப் பம்பு ஒன்றின் விவரிப்பு வெளியானது. அதன் குழாய் தோலால் ஆனது. உருளை நசுக்கிவிட்டுப் போனபின் தோல் தானாக விரியாது. உள்ளே வரும் நீரின் அழுத்தம்தான் அதைத் திறந்தாக வேண்டும். ஆகவே அந்தப் பம்பால் நீரைத் தள்ள முடிந்ததே தவிர உறிஞ்ச முடியவில்லை. நசுங்கிய குழாய், ரப்பரைப்போல், தன் பழைய வடிவத்துக்கு மீளும்போதுதான் உறிஞ்சும் விசை பிறக்கிறது. குழாயின் மீள்திறன் இந்தப் பம்புக்கு உயிர்நாடி என்பதை முதல் வடிவத்தின் குறையே காட்டிவிட்டது.

1855இல் ரூஃபஸ் போர்ட்டரும் ஜே. டி. பிராட்லியும் அமெரிக்காவில் கிணற்றுப் பம்பாக இதற்குக் காப்புரிமை பெற்றனர். 1881இல் யூஜின் ஆலன் பெற்ற காப்புரிமை ரத்தம் ஏற்றுவதற்கானது. நீர் இறைக்கப் பிறந்த கருவி கால் நூற்றாண்டில் மருத்துவத்துக்குள் நுழைந்தது. ரத்தத்தை இரும்பும் பித்தளையும் தொடாமல் நகர்த்த இதைவிட எளிய வழி கிடைக்கவில்லை.

டிபேக்கியின் விளிம்பு

1930களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த மைக்கேல் டிபேக்கி, ரத்தம் ஏற்ற இந்தப் பம்பைக் கையில் எடுத்தார். உருளைப் பம்பைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் குறிப்பிடுவோர் உண்டு. முன்னோர் செய்த பம்பைச் செம்மைப்படுத்தியதே அவர் பணி. உருளைகள் சுழலும்போது குழாயையும் சிறிது சிறிதாகத் தம்மோடு இழுத்துச் செல்லும். இழுபட்ட குழாய் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் விறைக்க, ஓட்டத்தின் அளவு மாறிப்போகும். டிபேக்கி குழாயின் ஓரமாக ஒரு விளிம்பை அமைத்து, அதைக் கவ்விப் பிடித்து, குழாய் நகராமல் செய்தார். அவர் 1934இல் வெளியிட்ட கருவியின் வெற்றி, குழாயில் சேர்த்த அந்தச் சிறு விளிம்பில் இருந்தது.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு 18 வயதுப் பெண் ஒருவருக்குத் திறந்த இதய அறுவை செய்து வெற்றி கண்டார். ரத்தத்தைச் சுழற்றியவை உருளைப் பம்புகள். அதன்பின் உருளைக்கும் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளி நுட்பமான கேள்வியானது. அதிகம் நசுக்கினால் சிவப்பணுக்கள் சிதையும். குறைவாக நசுக்கினால் ரத்தம் பின்னோக்கிக் கசியும். எனவே அறுவைக்கு முன் குழாயில் உயரமாகத் திரவத்தை நிறுத்தி, உருளையை அசையாமல் வைத்து, திரவம் மிக மெதுவாக இறங்கும் அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்யும் பழக்கம் வந்தது. சுமார் 75 செ.மீ. உயரத் திரவம் நிமிடத்துக்கு 2.5 செ.மீ. இறங்குவது ஒரு பழைய கணக்கு. முழுதாக மூடாமல், மூடலின் விளிம்பில் நிறுத்தும் கலை இது.

சிறிய அளவுகளின் உலகம்

ரத்தம் ஏற்றுவதில் மில்லிலிட்டர்கள் பேசப்பட்டன. துளிகளின் உலகுக்குப் பம்பை அழைத்துச் சென்றவர் கிளீவ்லாந்தைச் சேர்ந்த லெனார்ட் ஸ்கெக்ஸ். அவர் உருவாக்கி, டெக்னிகான் நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோஅனலைசர், ரத்த மாதிரிகளின் வேதிச் சோதனையைத் தானியக்கமாக்கியது. அதில் ஒரே உருளைத் தொகுதி பல குழாய்களைச் சேர்த்து நசுக்கும். எல்லாக் குழாய்களிலும் வேகம் ஒன்றே; உள்விட்டம் மட்டும் வேறு. மாதிரி எவ்வளவு, வேதிப்பொருள் எவ்வளவு என்ற விகிதத்தைக் குழாயின் விட்டமே தீர்மானித்தது. இடையிடையே செலுத்திய காற்றுக் குமிழிகள் ஒரு மாதிரி அடுத்ததோடு கலக்காமல் காத்தன.

இந்த முறையின் சாயல் இன்றைய ஆய்வகத்திலும் தெரிகிறது. பம்புக் குழாயின் மேல் இரண்டு வண்ணத் தடுப்புகள் மாட்டியிருக்கும். இரண்டும் கறுப்பு என்றால் உள்விட்டம் 0.76 மி.மீ.; ஆரஞ்சும் பச்சையும் என்றால் 0.38 மி.மீ. குழாயை மாற்றுபவர் வண்ணத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவார்.

விட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 0.5 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயின் 1 செ.மீ. நீளத்தில் ஏறத்தாழ 2 மைக்ரோலிட்டர் திரவம் நிற்கும். விட்டத்தில் 0.025 மி.மீ. பிசகினால், அதாவது 5 சதவீதம் கூடினால், கொள்ளளவு சுமார் 10 சதவீதம் கூடிவிடும். மோட்டார் எத்தனை துல்லியமாகச் சுழன்றாலும் இந்தப் பிழையைத் தானாக அறியாது. அதே குழாயை மாட்டி, வெளிவரும் திரவத்தை எடைபோட்டுத்தான் திருத்த வேண்டும். தவிரவும், ஒவ்வோர் உருளை குழாயை விட்டு விலகும்போதும் நசுங்கியிருந்த இடம் விரிந்து சிறிது திரவத்தைப் பின்னிழுக்கும். லிட்டர் கணக்கில் இது பொருட்டல்ல. 50 மைக்ரோலிட்டர் மருந்தைக் குப்பியில் நிரப்பும்போது பெரும்பிழை. இதனால்தான் இரண்டு குழாய்களை, உருளைகள் ஒன்றுக்கொன்று பாதி இடம் தள்ளி நசுக்கும்படி அமைத்து, Y இணைப்பில் சேர்க்கிறார்கள். ஒன்றின் பள்ளத்தை மற்றதன் மேடு நிரப்புகிறது.

சிலிக்கோனும் சில்லும்

1940களில் சந்தைக்கு வந்த சிலிக்கோன் ரப்பர் 121 டிகிரி செல்சியஸ் நீராவியைத் தாங்கும் குழாயைத் தந்தது. கிருமி நீக்கிய குழாயின் இரு முனைகளையும் மூடியபடியே பம்பில் மாட்ட வேண்டும். ஒரு முனையைத் திறந்து பம்பின் துளைக்குள் நுழைத்தால் செய்த வேலை வீணாகும். பக்கவாட்டில் திறந்து மூடும் பம்புத் தலை இந்தத் தேவைக்கு நன்கு பொருந்துகிறது. சிலிக்கோனுக்கும் குறை உண்டு. மணிக்கணக்கில் நசுங்கினால் மீள்திறன் தளர்ந்து ஓட்டம் குறையும். உட்சுவரிலிருந்து நுண்துகள்களும் உதிரும். ஆகவே குழாய்க்கு ஆயுளை வரையறுத்து, நசுங்கும் பகுதியைச் சற்றே நகர்த்தி அல்லது குழாயையே மாற்றிப் பயன்படுத்துவது நல்ல நடைமுறை.

2000ஆம் ஆண்டில் மார்க் உங்கர், ஸ்டீபன் குவேக் முதலியோர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் உருளையே மறைந்துவிட்டது. சிலிக்கோன் வகையைச் சேர்ந்த மென்மையான பொருளாலான ஒரு சில்லில் 100 மைக்ரான் அகலமும் 10 மைக்ரான் உயரமும் உள்ள வாய்க்காலை அமைத்து, அதன்மேல் வரிசையாக மூன்று காற்று வால்வுகளை வைத்தனர். அவை முறைப்படி திறந்து மூட, நொடிக்கு 2.35 நானோலிட்டர் வரை திரவம் நகர்ந்தது. நசுக்கும் விரல் காற்றானது. மீளும் சுவர் மட்டும் மாறவில்லை.

முடிவுரை

தோல் மீளவில்லை; ரப்பர் மீண்டது. நகர்ந்த குழாயை விளிம்பு நிறுத்தியது. விட்டம் விகிதமானது. சிலிக்கோன் நீராவியைத் தாங்கியது. சிறிய, கிருமியற்ற பம்பை வடிவமைப்பவர் மோட்டாரிலிருந்து தொடங்கக் கூடாது. எந்தத் திரவம், எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று கேட்டுக் குழாயைத் தேர்ந்து, அதன் விட்டமும் சுவர்த் தடிமனும் எவ்வளவு மாறுபடும் என்று அளந்து, அந்தக் குழாயைச் சுற்றியே பம்பைக் கட்ட வேண்டும்.

மின்சாரம் நின்றால் டயாலிசிஸ் செவிலியர் ஒரு கைப்பிடியை மாட்டி உருளையைக் கையால் சுழற்றி, குழாயில் நிற்கும் ரத்தத்தை நோயாளிக்கே திருப்பிச் செலுத்துவார். மோட்டாரும் திரையும் ஓய்ந்துபோன அந்த நிமிடங்களிலும் பம்பு வேலை செய்கிறது. அதற்கு வேண்டியது ஒரு கையும் நசுங்கி மீளத் தெரிந்த ஒரு குழாயும் மட்டுமே.